மடித்து ஒட்டிய நுனி

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து எழுதி வைக்கப்போகிறேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் தேதியோடு சொல்ல வேண்டும் இல்லையா. பேட்டரி கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் என் மனைவி வடிவு இதன்மேல் பால் பாக்கெட்டைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் பக்கத்துக்குக் கோடுகூடப் போடவில்லை. கஞ்சப்பயல்கள்.

விஷயம் இதுதான். ரூபவதி டீச்சரின் வெள்ளைக் கார் மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டது. சனிக்கிழமைதான் கொடுத்து அனுப்பினோம். உள்ளே கூரைத் துணி தொங்கிப்போனதால் அதை ஆள்விட்டு மாற்றினோம். கழற்றிய கூரை விளக்குக்குப் புது ஒயர் இழுத்துத் திரும்ப மாட்டியது நான். ஞாயிறு முழுக்க அது அணையவே இல்லையாம். காலையில் பேட்டரி செத்துப்போய், டீச்சர் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்.

"கதவை நல்லா அடைச்சியளா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர்கள் எல்லாவற்றையும் மெதுவாக மூடுவார்கள். அதுதான் பாதி கோளாறு.

"நல்லாத்தான் அண்ணாச்சி அடைச்சேன். இந்த லைட் சுவிட்சுல ரெண்டு நிலை இருக்குல்லா? 'எப்பவும் எரி'ன்னு தள்ளுனா கதவை அடைச்சதும் அணைஞ்சிருது. 'கதவு திறந்தா எரி'ன்னு தள்ளுனா அணையவே மாட்டேங்குது. தலைகீழா மாட்டிட்டீங்களோ?"

முப்பத்தோரு வருஷமாகக் கார் ஒயரிங் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வி. சிரித்துவைத்தேன். அவர் கணக்கு டீச்சர், நான் போய்ப் பெருக்கல் சரியா என்று கேட்டேனா?

கதவு நிலையில் இருக்கும் சின்ன பின் சுவிட்ச்தான் காரணமாக இருக்கும். கதவு மூடினால் அது அமுங்கி விளக்கை அணைக்க வேண்டும். டிரைவர் பக்கத்துப் பின்னை மாற்றினேன். அணையவில்லை.

பீர் முகம்மது நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நானும் இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டு. எஞ்சின் அவன், ஒயரிங் நான். அவன் இப்படிச் சும்மா நின்று பார்க்கிற ஆள் இல்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நாலு கதவுப் பின்னையும் மாற்றியாயிற்று. விளக்கு கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டே இருக்கிறது. இந்தக் காலத்துப் பின்களில் சரக்கு இல்லை.

"கூரைக்குள்ள இருக்க ஒயர் ஒட்டை ஒருக்கா பாப்பமா அண்ணாச்சி?" என்றான் பீர்.

"அது நான் போட்ட ஒட்டு" என்றேன். அதோடு விட்டுவிட்டான். பேட்டரி ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு வந்தேன்.

வடிவு கறுப்பு நூல்கண்டு வாங்கிவரச் சொல்லியிருந்தாள். வாங்கிக் கொடுத்தால் நீலம் என்கிறாள். கடைக்காரன் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறான். நாளைக்கு அவனையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

வரும் வழியில் எதிரே வந்த அத்தனை வண்டியும் ஹை பீம். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பஞ்சு ஒட்டவைத்த மாதிரி வெளிச்சம். ஒருத்தனுக்கும் டிம் பண்ணத் தெரியவில்லை. லைசென்ஸ் எப்படித்தான் கொடுக்கிறார்களோ.

ஜூன் 11, புதன்

கோபம் அடங்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பேட்டரியை மாட்டினால் கூரை விளக்கு பழையபடி எரிந்தது. டிக்கி விளக்கும் சேர்ந்து பேட்டரியைத் தின்கிறதோ என்று பட்டது. டிக்கியை மூடிவிட்டால் உள்ளே விளக்கு அணைந்ததா இல்லையா என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அதற்கு நாங்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிவிடுவோம். அப்புறம் எடுத்துப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். அப்படி வைத்து மூடினேன். அதற்குள் வடிவு ஒர்க்‌ஷாப் போனில் கூப்பிட்டு, சோறு ஆறுகிறது என்றாள். போனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டரைக்குத் திரும்பி வந்து கதவை மூடினேன். கூரை விளக்கு அணைந்தது. திறந்தேன், எரிந்தது. மூடினேன், அணைந்தது.

"நீங்கதான நாலு பின்னையும் மாத்துனிய. அது இப்பதான் செட்டாயிருக்கும்" என்றான் பீர், என் முகத்தைப் பார்க்காமல்.

பின் சுவிட்ச் என்ன, புதுச் செருப்பா, போடப் போடச் செட்டாக?

பின்னால் போய்ப் போனை எடுத்தேன். டிக்கி விளக்கு மூடியதும் அணைந்திருக்கிறது. அதில் குற்றமில்லை. பிறகு வீடியோ முழுக்க ஒரே இருட்டு. தெருவில் போகிற ஆட்டோ சத்தம், யாரோ இருமுகிற சத்தம். இருபதாவது நிமிஷத்தில் கார்க் கதவு திறக்கிற சத்தம். அப்புறம் பேச்சு.

பீர்: "வெரசா முடி ஜெபராஜ். அண்ணாச்சி ரெண்டரைக்கு வந்துருவாக."

ஜெபராஜ்: "அவுகளுக்குத் தெரியுமா?"

பீர்: "தெரியக் கூடாது. மதினிக்கு மட்டுந்தான் தெரியும். இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடி ஓட்ட முடியும்னு தெரியல."

ஜெபராஜ் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற எலக்ட்ரீசியன். முப்பது வயதுக்காரன். மதினி என்றால் வடிவு. என் வீட்டு வடிவு.

கூரை விளக்கைக் கழற்றி ஒட்டைப் பார்த்தேன். இந்த ஊரில் என் ஒட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். டேப்பைச் சுற்றி முடிக்கும்போது நுனியைக் கால் அங்குலம் உள்ளே மடித்து ஒட்டுவேன். பின்னால் பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு இருக்க வேண்டாம். தடவினாலே விரலுக்குத் தெரியும். இந்த ஒட்டில் நுனி மடிப்பு இல்லை. என் ஒட்டைப் பிரித்துவிட்டு வேறு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் டீச்சர் வந்து காரை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எதற்கு நன்றி வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

யோசித்துப் பார்த்துவிட்டேன். ஜெபராஜை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறான் பீர். என்னை வெளியே தள்ளத்தான். விளக்கு அணையாதபடி முதலில் கெடுத்துவைத்ததும் அவர்களாக ஏன் இருக்கக் கூடாது? சனிக்கிழமை நான் மாட்டிய பிறகு கார் ஒரு மணி நேரம் ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றது.

வடிவு போனில் பேசும்போது கொல்லைப்பக்கம் போகிறாள். இன்று இரண்டு தடவை. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் நின்றதும், "சரி, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, கண்ண ஒருக்கா காட்டிட்டு வந்துருவமா? எங்க அக்காவும் போயிட்டு வந்தா."

"எனக்கென்ன வயசாயிட்டுன்னு சொல்லுதியா?"

"அம்பத்தெட்டு ஆயிட்டுதுல்லா."

பார்த்தீர்களா, எப்படிக் கொண்டுவருகிறாள் என்று. முதலில் கண், அப்புறம் முதுகு, அப்புறம் ஈசிச் சேர். ஒர்க்‌ஷாப்பில் ஜெபராஜ்.

ஜூன் 13, வெள்ளி

பீர் தொழுகைக்குப் போன நேரத்தில் அவன் மேஜை டிராயரைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. பெருமையாக எழுதவில்லை.

ஸ்பார்க் பிளக் டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. மேலே 'அண்ணாச்சி' என்று போட்டு, கீழே பதினாலு வண்டி நம்பர். ஒவ்வொன்றுக்கும் தேதி. பொங்கல் கழிந்து தொடங்குகிறது. பக்கத்தில் 'ஹாரன்', 'பிரேக் லைட்', 'இண்டிகேட்டர்', கடைசியில் 'டீச்சர், கூரை லைட்'. எல்லாவற்றுக்கும் டிக்.

பதினாலும் நான் வேலை பார்த்த வண்டிகள். என் வாடிக்கையாளர்களின் பட்டியல். யார் யாரை இழுத்துக்கொண்டு போவது என்று டிக் போட்டு வைத்திருக்கிறான். எடுத்த இடத்திலேயே வைத்தேன். நம்பர்களை இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்தவன் வழக்கம்போலப் பேரீச்சம்பழம் நீட்டினான். வாங்கித் தின்றேன். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவான்.

ஜூன் 14, சனி

ஒயர் அலமாரிக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி என் இடுப்பில். பீர் பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஒயர் கம்பெனிகளும் சாயத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். இந்தத் தடவை வந்த சுருள்களில் பாதி ஒரே மாதிரி மங்கலாக இருக்கின்றன. யார் கேட்கப்போகிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

கேட்டுவிட்டேன். இரண்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டேன்.

"எத்தன நாளா ஜெபராஜ உள்ள விட்டிருக்க?"

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "யாரு சொன்னா அண்ணாச்சி?"

"யாரு சொன்னா என்ன? பதினாலு வண்டி. பொங்கலுக்குப் பொறவு பதினாலு வண்டி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். பிடிபட்டவன் முகம் எனக்குத் தெரியும். ஆனால் அவன் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குப் பேசுவோம் அண்ணாச்சி. ஆளுக நிக்காவ."

"நாளைக்கு நீ வரவே வேண்டாம். எவன்கூடச் சேரணுமோ சேந்துக்கோ."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரலாம் என்ற நினைப்பு போல.

ஜூன் 17, செவ்வாய்

பீர் வரவில்லை. எஞ்சின் வேலைக்கு வந்த இரண்டு வண்டிகள் திரும்பிப் போயின.

ஜூன் 18, புதன்

வரவில்லை. வடிவு ரசம் மட்டும் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "என்னையும் சந்தேகப்படுதிய. ரசத்துக்கு மேல எதுக்கு?" என்றாள். நான் அவளிடம் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அப்படியென்றால் பீர் சொல்லியிருக்கிறான். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பேரீச்சம்பழம் இல்லாத வெள்ளிக்கிழமை.

ஜெபராஜ் போட்ட ஒட்டு டீச்சர் காரின் கூரைக்குள் இருக்கிறது என்பது பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்துகிறது. டீச்சருக்குப் போன் செய்து, ஒரு சின்னச் சோதனை பாக்கி, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். அவர் விளக்கு நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்றேன்.

ஜூன் 21, சனி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். மற்றவர்களைப் பற்றியதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டால் நான் மனுஷன் இல்லை.

டீச்சர் பத்து மணிக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்தார். நான் விளக்கைக் கழற்றி ஜெபராஜின் டேப்பைப் பிரித்தேன். கூரையிலிருந்து மூன்று ஒயர் வருகிறது. சிவப்பு, பேட்டரியிலிருந்து. கறுப்பு, பாடிக்குப் போகிற எர்த். நீலம், கதவுப் பின்னுக்குப் போவது. விளக்கின் பின்னாலும் அதே மூன்று. கறுப்புக்குக் கறுப்பு, நீலத்துக்கு நீலம். முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கும் தெரிந்த பாடம்.

ஜெபராஜ் மாற்றிக் கொடுத்திருந்தான். கறுப்பை நீலத்தில் கொடுத்திருந்தான். என் கண்ணால் பார்த்தேன். 'பிடிச்சிட்டேன்' என்று நினைத்தேன். சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் சரியாக மாற்றிக் கொடுத்து, நுனியை மடித்து ஒட்டி, கதவை மூடினேன்.

விளக்கு அணையவில்லை.

பின்னை விரலால் அமுக்கினேன். அணையவில்லை. நாலு பின்னையும் அமுக்கினேன். டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். டேப்பைப் பிரித்து, ஜெபராஜ் கொடுத்திருந்த மாதிரியே மாற்றிக் கொடுத்தேன். அணைந்தது.

கீழே இறங்கி நின்றேன். விளக்குக்கு என்மேல் என்ன பகை? அதற்குப் பீரையும் தெரியாது, ஜெபராஜையும் தெரியாது. கூரையில் மிச்சமாகத் தொங்கிய இரண்டு ஒயரிலும் ஒரு விரல் நீளம் வெட்டி வெளியே வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கை மாற்றிவைத்துப் பார்த்தேன். பிறகு எது எந்தக் கையில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டும் ஒன்றுதான். ஒரே கறுப்பு.

பயமாக இருந்தது. சின்ன வயதில் தாமிரபரணியில் கால் எட்டாமல் போனபோது இருந்த பயம். டீச்சரிடம் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் இருந்தார். கார் தயார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கி, இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலப்பாளையத்துக்கு வண்டியை விட்டேன்.

பீர் வீட்டு வாசலில் மிக்சி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் கையை நீட்டினேன்.

"பீர், இதுல எது நீலம்?"

அவன் துண்டுகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "சுண்டுவிரல் பக்கம் இருக்கது அண்ணாச்சி" என்றான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி டீ கொடுத்தனுப்பினாள். அது ஆடை கட்டிய பிறகுதான் கேட்டேன்.

"அந்தப் பதினாலும்?"

"மாத்திக் குடுத்த ஒயருதான். ஒரு லாரிக்கு பிரேக் லைட்டே எரியல. அன்னைக்குத்தான் பயந்துட்டேன். அதுக்குப் பொறவு நீங்க முடிக்கிற வண்டியெல்லாம் ஒருக்கா பாத்துட்டுத்தான் விடுதது. சின்ன வேலையா இருந்தா நானே மாத்திருவேன். கூரை, டேஷ்போர்டுன்னு வந்தா நமக்குக் கை ஓடாது. அதுக்குத்தான் ஜெபராஜ்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"போன வருஷம் பெயிண்டர் சுடலை உங்க கண்ணப் பத்தி வாயத் தொறந்தாரு. இன்னைய வரைக்கும் நீங்க அவரு கடை இருக்க தெருவழியாப் போகல. நானும் சொல்லி, நீங்க என்னையும் விட்டுட்டா, அப்புறம் யாரு பாக்கது?"

"வடிவுக்கு எப்பிடித் தெரியும்?"

"பொங்கலுக்குப் பச்சச் சேலைன்னு சொல்லி நீலச் சேலையக் குடுத்தியளாம். ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லாம எங்கிட்டத்தான் சொன்னாவ. ஆசுபத்திரிக்கு எப்பிடிக் கூட்டிட்டுப் போகதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசாத நாள் இல்ல."

அந்தச் சேலையை அவள் பொங்கலன்று கட்டிக்கொண்டு, "பச்சை எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அவன் மடியில் வைத்தேன்.

"திங்கக்கெழம வாரேன். அதுக்கு முன்னால கண்ணக் காட்டுங்க" என்றான்.

ஜூன் 23, திங்கள்

இரண்டு கண்ணிலும் புரை. முற்றியிருக்கிறதாம். "எதிர்ல வர்ற லைட்டெல்லாம் பூ மாதிரி தெரிஞ்சிருக்குமே?" என்று டாக்டரம்மா கேட்டார். வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊரிலுள்ள அத்தனை டிரைவர்களிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். நூல் கடைக்காரனிடமும்.

ஜூலை 5, சனி

வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். ஆசுபத்திரி வாசலில் பீர் நாள் முழுக்க நின்றிருக்கிறான். அதிகம் எழுதக் கூடாது என்கிறாள் வடிவு. ஒன்று மட்டும் எழுதுகிறேன்.

இந்த டைரியில் கோடு இருக்கிறது. வெளிர் நீலக் கோடு, எல்லாப் பக்கத்திலும். ஜூன் மாதம் முழுக்கக் கோட்டை மதிக்காமல் ஏறியும் இறங்கியும் எழுதியிருக்கிறேன். பீரைப் பற்றி எழுதிய இடங்களில் இன்னும் மோசமாகச் சாய்ந்திருக்கிறது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. தேதியோடு எழுதியது, கிடக்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

இன்றுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அலமாரியில் பூட்டு இல்லை. ஒயர்ச் சுருள்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு கண்ணைக் குத்துகின்றன. கம்பெனிக்காரன் சாயத்தில் ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. பீர் காலையிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக் காட்டி, "அண்ணாச்சி, இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆரஞ்சு என்றேன். ஊதா என்றேன். அவன் பல் தெரியச் சிரித்தான். பல்லின் நிறத்தையும் சொன்னேன்.

மத்தியானம் பால் வேன் ஒன்று வந்தது. பின்பக்கம் இடித்ததில் பிரேக் லைட் உடைந்துவிட்டது. புதுசு மாட்ட வேண்டும். அந்த லைட்டுக்கு மார்ச்சில் ஒயர் போட்டவன் நான்தான். உள்ளே கையை விட்டு ஒட்டைத் தடவினேன். நுனி கால் அங்குலம் மடித்து ஒட்டியிருந்தது. என் ஒட்டு. நகம் படாமல் அழகாகப் பிரிந்தது. உள்ளே பச்சைக்குப் பச்சை, கறுப்புக்குக் கறுப்பு, அத்தனையும் சரி. மனதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. எல்லாமே கெட்டுப்போய்விடவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் வேனின் நம்பரைப் பார்த்தேன். டைரியின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிவைத்த பதினாலில் அது ஆறாவது.

திரும்பிப் பார்த்தேன். பீர் ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்தான். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. ஜெபராஜுக்கு இந்த மடிப்புத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். நான் எப்போதாவது பிரித்தால் என் ஒட்டு என்றே நான் நினைக்க வேண்டும் என்று மடித்திருக்கிறான். நானும் அப்படியேதான் நினைத்தேன்.

ஒரு மாதமாக எதையெல்லாமோ தோண்டித் துருவியவன் நான். இதைக் கேட்கவில்லை. புது லைட்டை மாட்டி, ஒயரைச் சேர்த்து, டேப்பைச் சுற்றி, நுனியை மடித்து ஒட்டினேன். பிறகு ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, "பீர், பிரேக்க ஒருக்கா மிதி. எரியுதான்னு பாப்போம்" என்றேன்.